டிப்தீரியா கிருமிய வளர்த்தே காட்டின லோஃப்லர், அதுதான் காரணம்னு ஏன் அடிச்சு சொல்லல?

மைக்ரோமாணவி:
வணக்கம். ஃபிரெட்ரிக் லோஃப்லர் பத்தி செமினார் எடுக்கப்போறேன். 1884-ல டிப்தீரியா (தொண்டை அடைப்பான் நோய்) கிருமிய தனியா பிரிச்சு வளர்த்தார்னு எல்லா புக்லயும் இருக்கு, ஆனா அதே பேப்பர்ல இன்னும் முழுசா நிரூபணம் ஆகலன்னு அவரே எழுதியிருக்காராம். கிருமி கையில இருக்கு, விலங்குக்கு போட்டா சாகுது, அப்புறம் என்ன தயக்கம்? 1883-லயே க்ளெப்ஸ்னு இன்னொரு விஞ்ஞானி அந்த கிருமிய பாத்துட்டாரேன்னா? அவரோட வேற வேலை எதாவது இருந்தாலும் சொல்லுங்க.

பழைய லேப்காரன்:
க்ளெப்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அவர் நோயாளிங்களோட தொண்டைச் சவ்வுல கிருமிய பாத்தார், தனியா வளர்க்கல. லோஃப்லர் பெர்லின்ல ராபர்ட் கோக்னு பெரிய கிருமி விஞ்ஞானி கூட வேலை பாத்தவர், கோக்கோட கண்டிப்பு அவர்கிட்டயும் இருந்துச்சு. சவ்வ மெல்லிசா சீவி மெத்திலீன் ப்ளூ ஏத்தி பாத்தா ரெண்டு வகை தெரியுது, ஒண்ணு செயினா கோர்த்த உருண்டை, இன்னொண்ணு குச்சி. உருண்டை உள்ளுறுப்பு வரைக்கும் போயிருக்கு, குச்சி சவ்வ விட்டு நகரவே இல்ல. மேலோட்டமா பாக்குறவன் உருண்டை மேலதான் பழிய போட்டிருப்பான். இவர் ரெண்டையும் பிரிச்சார், சூடு பண்ணி கெட்டியாக்கின சீரத்துல (ரத்தம் உறைஞ்சதும் பிரியுற தெளிவான நீர்) குச்சிய வளர்த்து கினி பிக்குக்கு போட்டார், அது செத்துச்சு.

ஆனா சில டிப்தீரியா கேஸ்ல எவ்வளவு தேடியும் குச்சி கிடைக்கல. அதை விட பெரிய சிக்கல், நோயே இல்லாத ஒரு குழந்தையோட வாயில அதே குச்சி இருந்துச்சு. ரெண்டையும் மறைக்காம எழுதினார் பாருங்க, எனக்கு அவர் மேல மரியாதையே அதுலதான். ஒரு நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம்னு சொல்ல என்னென்ன காட்டணும்னு, கோக் போஸ்டுலேட்ஸ்னு நாம படிக்கிற நிபந்தனைகள தெளிவா வரிசைப்படுத்தி எழுதினதும் இதே பேப்பர்லதான், அந்த அளவுகோல தன் கண்டுபிடிப்பு மேலயே வச்சு பாத்தார்.

சீரம்_ரசிகை:
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. செத்த கினி பிக்ல ஊசி போட்ட இடத்துலதான் கிருமி, ஆனா தூரத்துல இருக்கிற உறுப்பெல்லாம் கெட்டுப்போயிருக்கு, அப்போ கிருமி ஒரே இடத்துல உக்காந்துகிட்டு விஷத்த ரத்தத்துல விடுதுன்னு லோஃப்லர் யூகிச்சார். 1888-ல பாரிஸ்ல ரூவும் யெர்சினும் கல்ச்சர வடிகட்டி, கிருமி இல்லாத அந்த தண்ணியே கொல்லுதுன்னு காட்டிட்டாங்க. 1890-ல பெஹ்ரிங்கும் கிட்டசாட்டோவும் அந்த விஷத்த முறிக்கிற ஆன்டிடாக்ஸின பத்தி சொன்னாங்க, 1901-ல மருத்துவத்துக்கான முதல் நோபல் பெஹ்ரிங்குக்கு. அந்த ஆரோக்கியமான குழந்தைய நாம இன்னைக்கு கேரியர்னு, அதாவது நோய் இல்லாமலே கிருமிய சுமக்கிறவங்கன்னு சொல்லுவோம், அது அப்போ புரியாததாலதான் அவருக்கு அவ்வளவு சங்கடம்.

மாட்டு_டாக்டர்:
கோமாரிய யாரும் சொல்லலையே! 1898-ல லோஃப்லரும் பால் ஃப்ராஷும் நோய் வந்த மாட்டோட கொப்புளத்துல இருந்து நீர் எடுத்து, பாக்டீரியா எதுவும் தாண்ட முடியாத ஃபில்டர்ல விட்டு, வடிஞ்சத கன்னுக்குட்டிக்கு போட்டாங்க, அதுக்கும் கோமாரி வந்துடுச்சு. விஷம்தான் வடிஞ்சு வந்திருக்கும்னு யாரும் கேக்கலாம் இல்லையா, அதனால அந்த கன்னோட கொப்புள நீர மறுபடி வடிகட்டி அடுத்த கன்னுக்குன்னு மாத்தி மாத்தி போட்டு பாத்தாங்க. வெறும் விஷமா இருந்தா ஒவ்வொரு தடவையும் நீர்த்து ஒண்ணுமில்லாம போயிருக்கணும், இது வீரியம் குறையவே இல்ல, அப்போ உள்ள ஏதோ பெருகுதுன்னு முடிவுக்கு வந்தாங்க. விலங்கு நோய்க்கு வைரஸ்தான் காரணம்னு தெரிய வந்த முதல் இடம் இது.

இந்த ஆராய்ச்சி ஜெர்மனியில கிரைஃப்ஸ்வால்ட் ஊர்ல, சுத்தி மாட்டுப் பண்ணைங்க இருக்கிற ஏரியா, நோய் வெளிய போற ஆபத்து நிஜமாவே இருந்துச்சு, அதான் 1910-ல கடல்ல இருக்கிற ரீம்ஸ் தீவுக்கே லேப மாத்திட்டாங்க. இப்பவும் அங்க விலங்கு வைரஸ் ஆராய்ச்சி நடக்குது, நிறுவனத்துக்கு பேரே அவரோட பேருதான்.

மைக்ரோமாணவி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அண்ணா, அந்த குச்சி, உருண்டை ஸ்டெயின் படத்தயே முதல் ஸ்லைடா வச்சு, எது காரணமா இருக்கும்னு கிளாஸ கேட்டு ஆரம்பிக்கலாமா?

பழைய லேப்காரன்:
தாராளமா. அந்த குழந்தை விஷயத்த மட்டும் உடனே சொல்லிடாதீங்க, முதல்ல அவங்க பதில் சொல்லட்டும்.