கம்மல் ஷார்ப், கண் மங்கல்: இந்த போர்ட்ரெய்ட்டுக்குக் கருத்து வேண்டும்

நண்பர்களே, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த இந்த முகப்படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக் கருத்து சொல்லுங்கள். கிராப் சென்சார் (முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்), ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800, ஒரு மீட்டர் தூரம், கையில் பிடித்து எடுத்தது.

கம்மலின் கல் பளிச்சென்று இருக்கிறது, கிட்டத்துக் கண்ணின் இமைமுடி குழைந்து கிடக்கிறது. கை ஆடியிருந்தால் கம்மலும் இழுபட்டிருக்கும். அதனால் ஃபோகஸ்தான் பின்னால் போயிருக்கிறது. நடு ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் பூட்டிவிட்டு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் வைத்ததே காரணம் என்று தோன்றுகிறது. திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நகரும். இந்தத் தூரத்தில், எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். எஃப் 4-க்குப் போனால் 6 வரை கிடைக்கும். ஆனால் ஷட்டர் வேகம் குறையாமலிருக்க ஐஎஸ்ஓ 4000-ஐத் தொட வேண்டும், நிழல் பக்கக் கன்னத்தில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான கரகரப்பு) ஏறும். ஓரத்து ஃபோகஸ் புள்ளியை நேராகக் கண்ணில் வைத்து எஃப் 2.8-இல் எடுப்பது போதுமா? அனுபவத்தில் எது சரிவந்தது?

இன்னொன்று, ஜன்னல் பக்கம் நீலம், அறை பல்பு விழும் பக்கம் மஞ்சள். ஒயிட் பேலன்ஸில் (வெளிச்சத்துக்கேற்ற நிறச் சமன்) ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடுகிறது. பல்பை அணைத்துவிட்டு வெள்ளை அட்டையால் நிழலை நிரப்பலாமா, எவ்வளவு தள்ளிப் பிடிப்பது?

"அருமை" என்பதோடு நிறுத்தாமல், பார்வை முதலில் எங்கே போகிறது, எந்த ஓரத்தை வெட்டலாம் என்றும் எழுதுங்கள், ப்ளீஸ்.