வேலையின்மை உதவித்தொகை பெற்றபடி எல்எல்சி தொடங்கியவர்களின் அனுபவங்கள்

சான் ஹோசேயிலிருந்து:

பதினான்கு ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனம் ஆட்குறைப்பில் என்னை அனுப்பியபோது, கிரீன் கார்டு இருந்ததால் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர். இவ்வூர் வாடகைக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே மூன்றாம் மாதத்தில், சிறு கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் எண்ணத்தில் ஓர் எல்எல்சியை, அதாவது உரிமையாளரின் பொறுப்பு வரம்புக்குட்பட்ட நிறுவனத்தை, பதிவு செய்தேன். கட்டணம் 70 டாலர்தான். ஒரு காசு வருமானம் வராவிட்டாலும் ஆண்டுதோறும் 800 டாலர் மாநில வரி கட்டியாக வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். எங்கள் வீட்டுக்கு அது ஏறத்தாழ இரண்டு வார உதவித்தொகை.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்தில், வேலை செய்தீர்களா, பணம் ஈட்டினீர்களா என்று கேட்கிறார்கள். நிறுவனம் என் பெயரில் இருக்கிறது, வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. நான் என்ன எழுதுவது? பணம் வரவில்லையே, 'இல்லை' என்று குறித்துவிடுங்கள் என்றார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டுவதோடு அதில் 30 சதவீதம் அபராதமும் உண்டு என்பது ஒரு காரணம். எனக்காக என் நிறுவனம் கட்டிய வரியும் கலந்திருக்கும் ஒரு நிதியை ஏமாற்றக் கூடாது என்பது இன்னொன்று. இணையதளம் அமைக்கச் செலவிட்ட மணிநேரங்களையும் அப்படியே எழுதினேன்.

பின்னர் உதவித்தொகை வழங்கும் அலுவலகத்திலிருந்து தொலைபேசி விசாரணை வந்தது. நிறுவனத்தின் பெயரைவிட, முழுநேர வேலை கிடைத்தால் மறுநாளே சேர்வீர்களா என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். விண்ணப்பித்த வேலைகளைத் தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தது அன்று கைகொடுத்தது. விசாரணை முடியும்வரை வராத பணம், முடிந்ததும் நிலுவையோடு சேர்ந்து வந்தது.

நியூயார்க், குவீன்ஸிலிருந்து:

உங்கள் பகிர்வைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது, ஐயா. எங்கள் மாநிலத்தில் சுயதொழில் உதவித் திட்டம் என்று ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டம் இதற்கு வழி திறந்தது என்றாலும், மிகச் சில மாநிலங்களே இதை நடத்துகின்றன. உதவித்தொகைக் காலம் முடிவதற்குள் வேலை கிடைக்க வாய்ப்புக் குறைவு என்று கருதப்படுபவர்களுக்கே இதில் இடம். சேர்ந்தவர் வேலை தேட வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி பெற்று, தம் தொழிலிலேயே முழுநேரமும் ஈடுபட்டபடி அதே தொகையைப் பெறலாம். நான் முதலில் இதில் சேர்ந்து, பிறகே எல்எல்சியைப் பதிவு செய்தேன். அந்த வரிசை எனக்குப் பெரும் நிம்மதி தந்தது.

ஒன்றை மட்டும் முன்பே கணக்கிடத் தவறினேன். இங்கே பதிவுக் கட்டணம் 200 டாலர். அதன்பின் 120 நாட்களுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் ஆறு வாரங்கள் அறிவிப்பு வெளியிட வேண்டும். அந்த விளம்பரச் செலவு பதிவுக் கட்டணத்தையே விஞ்சியது. தையல் இயந்திரம் வாங்க ஒதுக்கியிருந்த பணத்தில்தான் அதைக் கட்டினேன்.