பெரிய வீட்டுக் குழு: தீபனின் பின் டயர்

மலர் அக்கா, காலை 6:12
தீபன் காசிமேட்டில் வண்டியோடு சறுக்கி விழுந்துவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். வீட்டுக்கு வந்துவிட்டான், யாரும் பயப்பட வேண்டாம்.

அத்தை, 6:14
முருகா! தலையில் அடி இல்லையே? ஹெல்மெட் போட்டிருந்தானா?

தீபன், 6:20
போட்டிருந்தேன் அத்தை. பெட்டிகளைத் திருவொற்றியூரில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினேன். மீன் லாரியிலிருந்து வடிந்த தண்ணீர் ரோடெல்லாம். முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. பின் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது.

செல்வம் மாமா, 6:23
பின் டயரைப் படம் எடுத்துப் போடு.

தீபன், 6:26
[படம்]

செல்வம் மாமா, 6:31
நடுவில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள், மொட்டையாகிவிட்டது. ஓரத்திலோ புது டயரின் ரப்பர் முடி இன்னும் நிற்கிறது. நேர் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு நடுப்பகுதி முதலில் தேய்வது வழக்கம்தான், ஆனால் இது அளவுக்கு மீறிய தேய்மானம். காற்று எவ்வளவு வைத்திருக்கிறாய்?

தீபன், 6:33
40 psi. சுமை ஏற்றுகிறேன் என்று பஞ்சர் கடையில் அடித்துவிட்டார்கள்.

செல்வம் மாமா, 6:40
செயின் கவரில் ஒட்டியிருக்கும் தாளைப் படி. உன் வண்டிக்கு முன் 25, பின் ஒருவருக்கு 28, இருவருக்கு 32. பெட்டிகளோடு 32 போதும். 40 அடித்தால் டயர் பலூன் போல் விறைத்து நடுமுதுகால் மட்டும் ரோட்டைத் தொடும். ரோட்டில் படும் ரப்பரே உள்ளங்கை அளவுதான் தம்பி, அதிலும் குறைத்தால் ஈரத்தில் எதைப் பிடித்து நிற்கும்?

மலர் அக்கா, 6:44
அப்படியானால் குறைத்து வைப்பது நல்லதா மாமா? கத்திரி வெயிலில் டயர் வெடிக்கும் என்று என் ஸ்கூட்டரில் காற்றை இறக்கிவிட்டேன். மழைக்கும் பிடிப்பு கிடைக்கும் என்றார்கள்.

செல்வம் மாமா, 6:52
வேண்டாம் மலர், இன்றே அடித்துவிடு. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்பும். வெடிப்புக்கு அஞ்சி இறக்கிய காற்றே வெடிப்பைக் கூட்டி வரும். ஓரங்கள் சீக்கிரம் தேயும், திருப்பத்தில் ஹேண்டில் கனக்கும். மழையிலும் தளர்ந்த டயர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள முடியாமல் அதன் மேல் மிதக்கப் பார்க்கும்.
இன்னொன்று: ஓடி வந்த சூட்டில் அளக்காதே. காலையில் 28 இருந்த டயர் அப்போது 31, 32 காட்டும். அதைப் பார்த்து இறக்கினால் மறுநாள் குறைந்து கிடக்கும். வாரம் ஒருமுறை, வண்டி எடுக்கும் முன் அளந்தால் போதும்.

செல்வம் மாமா, 6:55
தீபன், வீட்டில் சாக்பீஸ் இருக்கிறதா? பின் டயருக்குக் குறுக்கே தடித்த கோடு போட்டு, ஏறி உட்கார்ந்து, தெருவில் பத்தடி நேராக ஓட்டு. எந்த இடத்தில் அழிகிறது என்று பார்.

தீபன், 7:18
40-இல் நடுவே இரண்டு விரல் அகலம்தான் அழிந்தது மாமா. 28-க்கு இறக்கிக் கோடு போட்டேன், மூன்று விரலுக்கு மேல்.

செல்வம் மாமா, 7:21
அந்த ஒரு விரல்தான் இன்று உனக்கு இல்லாமல் போனது. சரி, இந்த டயர் வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு தெரிகிறதா?

தீபன், 7:24
தெரிகிறது. ரப்பர் அதோடு சமமாகிவிட்டது.

செல்வம் மாமா, 7:25
அதுதான் மாற்றச் சொல்லும் அடையாளம். நாளை சுமை ஏற்றாதே. புதுசு போட்டதும் முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு, மேல் வழவழப்பு போகட்டும்.

அத்தை, 7:27
டயருக்குப் பணம் நான் தருகிறேன். முதலில் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொள்.

மலர் அக்கா, 7:40
என் ஸ்கூட்டரை அளந்துவிட்டேன். பின்னால் 17. தள்ளிக்கொண்டே கடைக்குப் போகிறேன்.