மூன்று யூனிட் எம்-சாண்டுக்கு 12.9 டன்தான் வருமா? அடர்த்திக் கணக்கில் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வீட்டு வேலைக்காக மூன்று யூனிட் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) இறக்கினோம். டிப்பரோடு வந்த எடைமேடைச் சீட்டில் நிகர எடை 12,900 கிலோ என்று இருக்கிறது. மணலின் ஒப்படர்த்தி (அதே அளவு நீரைப் போல் எத்தனை மடங்கு எடை என்பது) 2.65 என்று ஒரு பாடநூலில் பார்த்தேன். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர் என்பதால், யூனிட்டுக்கு 7.5 டன் வீதம் 22.5 டன் வந்திருக்க வேண்டும். விற்றவரோ அளவு சரி என்கிறார். அலகு மாற்றத்தில் பிழை செய்கிறேனா? மணல் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருக்கிறது.

பதில் 1:
அலகு மாற்றம் சரிதான். ஓர் அடி 0.3048 மீட்டர்; 0.3048 × 0.3048 × 0.3048 என்று பெருக்கினால் ஒரு கன அடி 0.0283 கன மீட்டர் ஆகும். ஆனால் 2.65 என்பது மணற்பருக்கையாக இருக்கும் கல்லின் அடர்த்தி. குவித்து வைத்த மணலில் பருக்கைகளுக்கு இடையே ஏறத்தாழ 40 விழுக்காடு காற்றிடம் இருப்பதால், லாரிக் கணக்குக்குப் பயன்படுத்த வேண்டியது குவியலின் அடர்த்தியே. அது உலர்ந்த எம்-சாண்டுக்குப் பெரும்பாலும் கன மீட்டருக்கு 1,600 முதல் 1,750 கிலோ வரை இருக்கும். உங்கள் 12.9 டன்னை 8.5 கன மீட்டரால் வகுத்தால் 1.52 டன் வருகிறது. சற்றுக் குறைவுதான், எனினும் பாதி அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் மணலையே சோதிக்கலாம். வாளியை வெறுமையாக எடை பார்த்துவிட்டு, விளிம்பு வரை நீர் நிரப்பி நிறுங்கள். நீரின் எடை கிலோவில் எவ்வளவோ, வாளியின் கொள்ளளவும் அத்தனை லிட்டர். பிறகு அதே வாளியில் குத்தாமல், தட்டாமல் மணலை நிரப்பி, மேலே தலைதட்டி நிறுங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் எண்ணே கன மீட்டருக்கு எத்தனை டன் என்பதும் ஆகும். மேற்கொண்டு மாற்ற வேண்டியதில்லை.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஐயா. ஈர மணலில் பருக்கைகளைச் சுற்றி நீர்ப்படலம் படிந்து அவற்றை விலக்கி வைப்பதால் மணல் உப்பிக்கொள்கிறது. மணல் நுண்மையாக இருந்தால் இது கூடுதலாகவே தெரியும். நேரான சுவருள்ள பாத்திரத்தில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பிக் கொட்டிவிட்டு, பாதியளவு நீர் ஊற்றி, அதே மணலைக் கிளறியபடி திரும்பப் போடுங்கள். நீரில் முழுக்க மூழ்கிய மணல் உலர் மணலின் கன அளவுக்கே படிந்துவிடும்; உயரம் எவ்வளவு குறைகிறதோ அதுவே உப்பிய அளவு. ஐ.எஸ். 2386 என்ற இந்தியத் தர விதியின் பகுதி 3-இல் உள்ள கள முறை இதுதான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வாளியில் நீர் 18.0 கிலோ, மணல் 27.4 கிலோ; எனவே லிட்டருக்கு 1.52. பாத்திரத்தில் 20 செ.மீ. மணல் 17 செ.மீ. ஆகப் படிந்தது. ஒரு கிலோ மணலை வாணலியில் வறுத்து ஆறவைத்தபோது 952 கிராம் நின்றது. அடுத்த லோடை யூனிட்டுக்குப் பேசுவதா, டன்னுக்குப் பேசுவதா?

பதில் 2:
சீட்டும் வாளியும் ஒத்துப்போவதால், டிப்பரில் 300 கன அடி வந்தது உண்மை. விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மணல் 17-க்கு 3 வீதம், அதாவது ஏறத்தாழ 18 விழுக்காடு உப்பியிருக்கிறது. ஆகவே உலர் கணக்கில் உங்களுக்குக் கிடைத்தது சுமார் 255 கன அடி. கலவையைச் சட்டியால் அளந்து போடும் மேஸ்திரியிடமும் இதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கலவையிலும் மணல் குறைந்து, சிமெண்ட் வீணாகக் கூடும்.

எடைக்கு வாங்கினாலும் நீருக்குப் பணம் போகத்தான் செய்யும்: உங்கள் 12.9 டன்னில் சுமார் 620 கிலோ நீர். ஆயினும் அந்த இழப்பு 5 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. யூனிட் கணக்கிலோ 300 கன அடிக்கு 45, அதாவது 15 விழுக்காடு போகிறது. ஈர மணல் என்றால் டன்னுக்கே விலை பேசுங்கள்.