சிறைக்குப் போன மேயரை இன்னும் ‘எங்கட ஆள்’ என்கிறார்களே, ஏன்?

வெள்ளவத்தை சுகந்தி:

மகள் போன செப்டெம்பரில் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகருக்குப் படிக்கப் போனாள். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகர் என்று பெயர்தான், இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊர். அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டு அம்மா இத்தாலியப் பரம்பரை. சமையலறை யன்னலில் ஒரு பழைய தக்காளி சோஸ் போத்தல் வைத்திருக்கிறாராம். அதன் லேபிளில் முன்னாள் மேயர் படம். வின்சென்ட் சியான்சி, ஊர் கூப்பிடும் செல்லப்பெயர் ‘படி’ (Buddy). சோஸ் முடிந்து பல வருடம், இப்போது கரண்டிகள் நிற்கின்றன. போத்தலை எறிய மனமில்லையாம்.

மகள் தேடிப் பார்த்தால், அந்த மனிதர் இரண்டு முறை குற்றவாளியாகிப் பதவியை விட்டவர். “எப்படி அம்மா இவரை இன்னும் நேசிக்கிறார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இதைக் கேட்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. மகளின் அப்பா காலமான பிறகு வீட்டுச் சோலைவரியை, அதாவது வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியை, பெயர் மாற்ற ஒரு அலுவலகத்துக்கு நாலு தரம் நடந்தேன். நாலாம் முறை, படிக்கட்டடியில் ஒருவர் மெதுவாக வந்து, “கொஞ்சம் பார்த்துச் செய்தால் இண்டைக்கே முடியும்” என்றார். கொடுத்தேன். அன்றே முடிந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. அதனால் இந்தக் கேள்வி எனக்குச் சும்மா பொழுதுபோக்கு இல்லை.

கொட்டாஞ்சேனை ரவி:

அக்கா, நான் நேராகச் சொல்கிறேன். வேலை நடந்தால் சனம் மன்னிக்கும். கொழும்பு நடுவிலுள்ள பேரை வாவியை ஒருவர் துப்புரவாக்கி, கொம்பனித் தெருப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் நடக்க வைத்தால், அவர் என்ன செய்தார் என்று நானும் கேட்க மாட்டேன். அந்த மேயர் ஆற்றையே திறந்து காட்டியவர் என்று வாசித்திருக்கிறேன்.

பம்பலப்பிட்டி ஜெயந்தன்:

சுகந்தி அக்கா, நான் 1998 முதல் 2009 வரை அந்த ஊரில் இருந்தவன். முதலில் ஹோட்டல் சமையலறை, பிறகு அதே இடத்தில் கணக்குப் பிரிவு. ரவி தம்பி சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை.

ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன். பிராவிடன்ஸ் நடுவில் இரண்டு சின்ன ஆறுகள் சேர்ந்து ஒன்றாகின்றன. பழைய நாளில் அவற்றின் மேல் கொங்கிறீட் போட்டு மூடி வாகனம் விட்டார்கள். உலகத்திலேயே அகலமான பாலம் என்று பெயர் வாங்கும் அளவுக்கு மூடிவிட்டார்கள். அதையெல்லாம் உடைத்து, ஆற்றின் போக்கையே கொஞ்சம் மாற்றி, கரையில் நடைபாதை போட்டார்கள். நான் போனபோது எல்லாம் திறந்து கிடந்தது. சனிக்கிழமை இரவுகளில் தண்ணீர் நடுவே இரும்புக் கூடைகளில் விறகு எரியும். 1994இல் பார்னபி எவன்ஸ் என்ற கலைஞர் தொடங்கிவைத்தது. கறுப்பு உடுப்புப் போட்டவர்கள் சத்தமில்லாமல் படகில் வந்து கட்டையை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுப் போவார்கள். தேவதாரு விறகுப் புகை சட்டையில் ஏறி அடுத்த நாளும் மணக்கும். வேலை முடிந்து களைத்து வந்து அந்தக் கரையில் குந்தியிருந்த இரவுகள் எனக்கு அந்த ஊரையே சொந்தமாக்கின. அதனால் அந்த வீட்டு அம்மாவின் அன்பு எனக்கு விளங்குகிறது.

ஆனால் அந்த வேலை ஒருவருடையது இல்லை. ஆற்றுத் திட்டத்தை வரைந்தவர் வில்லியம் வார்னர் என்ற கட்டடக் கலைஞர். காசில் பெரும்பகுதி மத்திய அரசின் நெடுஞ்சாலை நிதி. செனட்டர்கள், ஆளுநர்கள், இடையில் இருந்த மேயர் பாவலினோ என்று பல கை பட்டது. சியான்சி அதற்கு முகமாக இருந்தார். ஊரை விற்கத் தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை. முகத்தைத்தானே சனம் நினைவில் வைக்கும்.

அவருடைய கதை தொடங்கிய விதம்தான் என்னை மிகவும் வருத்துவது. மாஃபியாவுக்கு எதிராக வழக்காடிய அரச சட்டத்தரணி அவர். ஊழலை ஒழிக்கிறேன் என்று சொல்லித்தான் 1974இல் நின்றார். வயது 33. ஜனநாயகக் கட்சியின் கோட்டையில் குடியரசுக் கட்சிக்காரராக 709 வாக்கால் வென்றார். அந்த ஊரின் முதல் இத்தாலியப் பரம்பரை மேயர். அதுவரை தங்களுக்கு நகர மண்டபத்தில் இடமில்லை என்று நினைத்த சனத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழராகிய நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

1983இல் பிரிந்திருந்த மனைவியோடு தொடர்பு என்று சந்தேகித்த ஒரு ஒப்பந்தக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தாக்கினார். எரியும் சிகரெட்டாலும் சாம்பல் கிண்ணத்தாலும் தாக்கினார் என்று வழக்கு. எதிர்த்து வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். ஐந்து வருடம் ஒத்திவைத்த சிறைத் தண்டனை, 1984இல் பதவி போயிற்று. பிறகு வானொலியில் பேச்சு நிகழ்ச்சி நடத்தினார். அந்தக் குரல்தான் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1990இல் சுயேச்சையாக நின்று 317 வாக்கால் மறுபடி மேயர்.

இனி அக்காவின் படிக்கட்டடிக்கு வருகிறேன். எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணைக்கு ‘பிளண்டர் டோம்’ என்று பெயர், கொள்ளை மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரி இரகசியக் கமெராவோடு உள்ளே போய், பேரம் பேசுவதையெல்லாம் பதிவு செய்தார். எதற்கான பேரம் தெரியுமா? நம்முடைய சோலைவரி போன்ற அதே சொத்து வரி. வரியைக் குறைக்க மேன்முறையீடு கேட்கும் சபையின் தலைவரும் உபதலைவருமே மாட்டினார்கள். மேயரின் வலது கையாக இருந்த நிர்வாகப் பணிப்பாளரும் தண்டனை பெற்றார்.

சியான்சி மீது 2002இல் நடந்த வழக்கில் பல குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி விடுவித்தது. சட்டவிரோதக் கும்பலாக நகராட்சியை நடத்தச் சதி செய்தார் என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி. 5 வருடம் 4 மாதம் சிறை. இந்த ‘ஒன்று மட்டும்’ என்பதைத்தான் அவருடைய ஆதரவாளர்கள் இன்றும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு லஞ்சம் வாங்கினார் என்பதை விட, மண்டபமே அப்படி இயங்கியது என்பது மோசம் இல்லையா?

ரவி தம்பி, வரியைக் காசு கொடுத்துக் குறைக்கிறவர் யார்? கடைத்தொகுதி வைத்திருப்பவர். அவர் கட்டாததை யார் கட்டுகிறார்கள்? தக்காளி சோஸ் வாங்கிய அந்த அம்மா போன்ற ஆட்கள். ஆறு அழகாக இருக்கிறது என்று அவருடைய வரி இரசீதில் தொகை குறையாது.

அந்த சோஸும் அப்படித்தான். பிராவிடன்ஸ் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு என்று லேபிளில் போட்டு விற்றார்கள். 2014இல் அசோசியேட்டட் பிரஸ் கணக்கைப் பார்த்தபோது, 2009 முதல் 2012 வரை விற்பனையிலிருந்து அதற்கு எதுவும் போகவில்லை. நான் இரண்டு போத்தல் வாங்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

வெள்ளவத்தை சுகந்தி:

ஜெயந்தன் தம்பி, இரண்டு தரம் வாசித்தேன். சிறைக்குப் போனவர் 2014இல் மறுபடி தேர்தலில் நின்றாராமே? சட்டம் விட்டதா?

பம்பலப்பிட்டி ஜெயந்தன்:

விட்டது அக்கா. ரோட் ஐலண்ட் அரசியலமைப்பில், பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் தண்டனையும் நன்னடத்தைக் காலமும் முடிந்து மூன்று வருடம் போனால் நிற்கலாம். 2007இல் வெளியே வந்து மறுபடி வானொலிக்குப் போனார். எங்கள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பார்கள், அவ்வளவு நகைச்சுவையாகப் பேசுவார். 2014இல் ஹோர்ஹே எலோர்சாவிடம் தோற்றார். ஆனால் நூற்றுக்கு 45 பேர் அளவில் அவருக்கே போட்டார்கள். 2016 ஜனவரியில், 74 வயதில் காலமானபோது உடலை நகர மண்டபத்தில் வைத்தார்கள், சனம் வரிசையில் நின்றது.

மகளிடம் சொல்லுங்கள், அந்த அம்மாவோடு வாதாடவேண்டாம். போத்தல் இருக்கட்டும். ஆற்றங்கரை நெருப்புக்குப் போகும்போது தடிப்பான ஜாக்கெட் போடச் சொல்லுங்கள், தண்ணீர்ப் பக்கம் குளிர் கடுமை.

கொட்டாஞ்சேனை ரவி:

அண்ணா, நான் எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். ஆனால் ‘கேட்க மாட்டேன்’ என்றதைத் திரும்ப எடுக்கிறேன். கேட்கத்தான் வேண்டும்.

சுகந்தி அக்கா, அந்த அலுவலகத்துக்கு இனி எப்போது போகவேண்டும்?

வெள்ளவத்தை சுகந்தி:

செவ்வாய்க்கிழமை தம்பி. வரி மதிப்பீட்டைக் கூட்டிவிட்டார்கள், ஆட்சேபனைக் கடிதம் கொடுக்கவேண்டும். எழுதி முடித்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை ரவி:

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் திகதியோடு முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேட்போம். ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன்.