303 துப்பாக்கியில் 800 மீட்டர் பின் சைட்: அடையாளம் காண உதவுங்கள்

நண்பர்களே, கும்பகோணத்தில் காட்சிக்கு வைக்க, செயலிழக்கச் செய்த 303 லீ என்ஃபீல்டு (பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) ஒன்றைச் சுத்தம் செய்கிறோம். இரும்பில் ‘மார்க் 3’ என்றுதான் முத்திரை. ஆனால் பின் சைட்டை, அதாவது குறிபார்க்கும் பின்பக்கக் கருவியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகு இல்லை. முன்கட்டையின் இடப்பக்கம் வாலி சைட் (வெகுதூரத்துக்குக் கூட்டமாகச் சுடக் குறிபார்ப்பது) தட்டும் இல்லை. 1916இல் மார்க் 3 ஸ்டார் என்ற எளிமையாக்கிய வகை வந்தபோது இரண்டையும் விட்டுவிட்டார்கள், அதனால் பழுதுபார்க்கையில் மாற்றியிருக்கலாம்.

குழப்புவது லீஃப்தான், அதாவது பின் சைட்டில் தூர அளவு பொறித்த தகடு. 2000 கெஜம் வரை போக வேண்டிய அளவு 800இல் நிற்கிறது. அது 7.62 மி.மீ. குண்டு போடும் இஷாப்பூர் 2ஏ1 என்ற இந்தியத் துப்பாக்கிக்கு உரிய மீட்டர் கணக்கு. 303 குண்டின் பாதைக்கு ஒத்துவராது. படைப் பட்டறையிலேயே இப்படி மாட்டினார்களா, பிறகு யாராவது கலந்ததா?

உங்களிடம் இருப்பதில் லீஃபின் அடிப்பக்க முத்திரை, அதன்மேல் நகரும் ஸ்லைடு, அச்சு ஊசி மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து உப்புத்தாள் போடாதீர்கள், முத்திரை அழிந்துவிடும். டெல்டா ஈரத்தில் பிடித்த மேல்துருவுக்கு எண்ணெயும் துணியும் போதும்.