ஆடி மாதத்தில் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று: உங்களுக்கு எது?

படித்துறை:
2017 ஆடிப்பெருக்கு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம். காவிரியில் அந்த வருடம் மணல்தான். குழாய் வைத்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். தலையில் தெளித்துக்கொண்டு, காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறும் கட்டியாயிற்று. திரும்பும்போது பார்த்தால், ஆற்றுக்குள் ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். முழங்கை ஆழத்துக்குப் பள்ளம். அடியில் ஒரு கை நீர் ஊறியிருந்தது. அதில் தன் கயிற்றை நனைத்தார். என்னைப் பார்த்து, "உன்னோடதையும் கொண்டாம்மா" என்றார். கட்டியாச்சு பாட்டி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம்.

அழிஞ்சிக்குச்சி:
எங்களுக்கு ஆடி என்றால் ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவதுதான். சேலம் பக்கம். நாரை உரித்து ஓட்டை வழவழப்பாகத் தேய்ப்பது அப்பா வேலை. கண்ணைத் துளைத்து, தண்ணீரில் பாதியை வடித்து, அவல், பாசிப்பருப்பு, எள், வெல்லம் போட்டு, குச்சியைச் செருகி, மஞ்சள் பூசித் தருவது அம்மா. நெருப்பில் காட்டுவது நாங்கள். அப்பா இறந்த வருடம் தேய்க்க ஆள் இல்லை. தம்பி உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துச் சுரண்டினான், பாதி நார் அப்படியே இருந்தது. தீயில் வைத்ததும் அந்த நார் பற்றிக்கொண்டு எரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த நார் எரிந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

வடகரை:
படித்துறை, மனம் நோக வேண்டாம், ஆனால் குழாய்த் தண்ணீரில் கும்பிட்டதைப் பெருக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேட்டூர் அணை 1934இல் வந்தது. அதற்கு முன்னால் குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆறு தானாகவே பெருகி வரும். விதைப்புக்கு முன் வந்த அந்தப் புதுவெள்ளத்தைத்தான் வணங்கினார்கள். இப்போது ஜூன் 12 திறப்பார்களா என்று காத்திருக்கிறோம். என் அனுபவம் சின்னது. பத்து வயதில் முளைப்பாரியை ஆற்றில் விடும்போது கூடவே என் கொலுசும் போய்விட்டது. பாரி மிதந்து போனதைப் பார்க்காமல் கொலுசையே தேடிக்கொண்டிருந்தேன்.

பனங்கட்டி:
நான் யாழ்ப்பாணம். ஆடிக்கூழ் என்று இங்கே யார் சொன்னாலும் கேழ்வரகும் சின்ன வெங்காயமும் என்றே நினைக்கிறீர்கள். எங்கள் ஆடிப்பிறப்புக் கூழ் இனிப்பு. அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு. கொழுக்கட்டையும் கூடவே இருக்கும். அம்மம்மா பலா இலையைக் கோலி, ஈர்க்கால் குத்தி, அதிலேதான் அள்ளித் தருவா. இடம்பெயர்ந்திருந்த ஒரு வருடம் பனங்கட்டி கிடைக்கவில்லை, சீனி போட்டுக் காய்ச்சினா. நான் குடித்துவிட்டு "இது கூழ் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அம்மம்மா கையில் கோலிய இலையோடு அப்படியே நின்றா. எனக்கு அப்போது ஏழு வயது. இப்போதும் மன்னிப்புக் கேட்கத் தோன்றும், ஆனால் ஆள் இல்லை.

தலை ஆடி:
கல்யாணமான முதல் வருடம், சீர் வைத்து அழைத்துப்போய் அம்மா வீட்டில் விட்டார்கள். இருபதாம் நாள் மாலை, அவர் எங்கள் தெருமுனையில் சைக்கிளோடு நின்றார், பையில் ஒரு முழம் மல்லிகை. வாசல்வரை வரவில்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பூ வேலியில் தொங்கியது.

விதைப்பெட்டி:
தலை ஆடிக்கு ஒன்று சொல்கிறேன். ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அதனால்தான் பிரித்து வைத்தார்கள் என்பார்கள். விதைப்பு நேரத்தில் வேலை கெடக்கூடாது என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. என் கதை இவ்வளவுதான்: தாத்தா கடைசியாக விதைத்தது ஓர் ஆடியில், அந்த அவரை காய்த்தபோது அவர் இல்லை.

அதனால் எல்லோரும் ஏதாவது விதையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தொட்டிக்கும் பொருந்தும். அவரை, புடலை, பீர்க்கு, பாகல், வெண்டை எல்லாம் வரும். பாகலுக்கும் புடலைக்கும் தோல் கெட்டி, ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். கத்தரி, தக்காளியை நாற்றுவிட்டு எடுத்து நடுங்கள். அம்மியே பறக்கும் காற்று என்பதால் கொடி ஏறும் முன்பே பந்தல் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள், பிறகு கட்டினால் தண்டு ஒடியும். தண்ணீர் காலையில் மட்டும். மழை பிடித்துவிட்டால் தொட்டியில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

படித்துறை:
வடகரை, நீங்கள் சொன்னது சரிதான். அந்தப் பாட்டிக்கும் குழாய்த் தண்ணீர் போதவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. குழாயடி அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து இருபது அடிகூட இல்லை.